மெக்சிகோ நகரத்தில் சிறு குழந்தைகளோடு ஒரு நாள்: சபுல்தெபெக் காட்டுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று முதல் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு மெக்சிகோ நகரத்துக்குப் போகும் குடும்பங்கள், வந்து இறங்கிய மறுநாளே தெயோதிவாகான் பிரமிடுகளுக்கோ சோச்சிமில்கோ படகுகளுக்கோ கிளம்பிவிடுவது வழக்கம். இரண்டும் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் பிரமிடுகள் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி, நிழலில்லாத வெட்டவெளியில் இருக்கின்றன. சோச்சிமில்கோ நகரின் தென்கோடியில் இருக்கிறது. நெரிசலில் சிக்கினால் போய்ச் சேர்வதற்குள்ளேயே குழந்தைகள் துவண்டுவிடுவார்கள். ஊர் சுற்றும் முதல் நாளுக்கு ஏற்ற இடம், நகரின் நடுவிலேயே பெரும் பூங்காவாக இருக்கும் சபுல்தெபெக் காடு. விலங்குக் காட்சிசாலை, ஏரி, உலகத்தரமான அருங்காட்சியகம், குன்றின்மேல் ஒரு கோட்டை எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன.

அத்தனையும் பக்கத்தில் இருப்பதே ஒரு சிக்கல். ஒரே நாளில் நான்கையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். சிறு குழந்தைகளோடு அது முடியாது. காலையில் காட்சிசாலை, பிற்பகலில் அருங்காட்சியகம், நடுவில் நல்ல சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையை வேறொரு நாளைக்கு விடுங்கள்.

எந்த நாள், எந்த மாதம்

திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். காட்சிசாலை, மானுடவியல் அருங்காட்சியகம், கோட்டை மூன்றும் அன்று மூடியிருக்கும். இவை இருக்கும், காட்டின் முதல் பகுதியின் வாசல்களும் பராமரிப்புக்காக அடைத்திருக்கும். இது தெரியாமல் திங்களன்று கம்பிக்கதவுக்கு வெளியே குழந்தைகளோடு நிற்கும் குடும்பங்களை வாராவாரம் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையும் கடினம். அன்று உள்நாட்டவருக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை என்பதால் ஊரே திரண்டு வரும். காலை 8 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை, காட்டை ஒட்டிச் செல்லும் ரெஃபோர்மா பெருஞ்சாலையை சைக்கிள் ஓட்டுபவர்களுக்காக விட்டுவிடுவதால் வாடகைக் கார் வாசல் வரை வராது. உங்கள் குழந்தை சைக்கிள் ஓட்டும் வயதில் இருந்தால், அதற்காகவே இன்னொரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கலாம். காரே இல்லாத அகலச் சாலையில் ஓட்டுவது குழந்தைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். காட்சிசாலைக்குப் போக நல்ல நாட்கள் செவ்வாய் முதல் வெள்ளி வரை.

மழைக்காலம் மே பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் வரை நீளும். இந்த ஊர் மழைக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை பளிச்சென்று விடியும். நண்பகலுக்குமேல் மேகம் கூடும். மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் இடியோடு கொட்டும், சில நேரம் ஆலங்கட்டியும் விழும். அதனால்தான் திறந்தவெளி காலையில், கூரைக்குக் கீழ் இருக்கும் இடம் பிற்பகலில் என்று திட்டமிடச் சொல்கிறோம். டிசம்பர், ஜனவரியில் மழை இருக்காது, ஆனால் விடியற்காலையில் குளிர் 6 டிகிரி அளவுக்கு இறங்கி, பகலில் 21, 22 டிகிரிக்கு ஏறும். தடிமனான ஒரு ஜாக்கெட்டைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய மூன்று மெல்லிய உடைகளே உதவும்.

மார்ச் முதல் மே வரை இன்னொரு தொல்லை இருக்கிறது. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் வெயிலும் வாகனப் புகையும் சேர்ந்து ஓசோன் அளவை ஏற்றிவிடும். அளவு மிஞ்சினால் சுற்றுச்சூழல் ஆணையம் 'கொந்திங்ஹென்சியா' என்று எச்சரிக்கை அறிவிக்கும். ஓசோன் உச்சத்தில் இருப்பது பிற்பகலில். மூச்சிரைப்பு உள்ள குழந்தையாக இருந்தால், அன்று ஒரு மணிக்குமேல் வெளியில் ஓடியாட விடாதீர்கள். இன்ஹேலர் கைப்பையிலேயே இருக்கட்டும்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள்

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியின் உயரமும் ஏறத்தாழ அதுவே. சுற்றிலும் கட்டடமும் சாலையுமாக இருப்பதால், மலைமேல் இருக்கிறோம் என்ற நினைப்பே வராது. முதல் ஒன்றிரண்டு நாட்களில் குழந்தைக்குத் தலைவலி, பசியின்மை, அரைத்தூக்கம், சில நேரம் வாந்தி வரலாம். பெற்றோர் உடனே நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். காரணம் பெரும்பாலும் காற்றில் ஆக்சிஜன் குறைவாக இருப்பதும் தண்ணீர் போதாததும்தான். காற்று வறண்டிருப்பதால் சில குழந்தைகளுக்கு மூக்கில் இரத்தம் வரும். படுக்கும்முன் மூக்கின் உள்ஓரத்தில் கொஞ்சம் வாஸ்லின் தடவினால் போதும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வந்து இறங்கிய நாளில் எங்கும் போகாதீர்கள். மறுநாள் கேட்டால்தான் தண்ணீர் என்றிருக்காமல், அரைமணிக்கு ஒரு முறை நீங்களே சில மடக்குக் குடிக்கக் கொடுங்கள். வயிறு நிறையச் சாப்பிடவைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து வேளை கொடுங்கள். படிக்கட்டில் ஓட்டப்பந்தயம் வேண்டாம். ஓய்வெடுத்தும் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குழந்தையை எழுப்புவது கடினமாக இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஊர் முழுவதும் பல மருந்துக்கடைகளை ஒட்டியே சிறிய மருத்துவர் அறை இருக்கும்; கட்டணம் குறைவு, முன்பதிவு தேவையில்லை. 'சுவெரோ ஒரால்' என்று கேட்டால் வாய்வழி நீர்க்கரைசல் கொடுப்பார்கள். அவசர எண் 911.

இன்னொன்று: இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமையலறை உள்ள வீட்டில் தங்கிக் குழந்தைக்குச் சோறு வடிப்பவர்கள் வழக்கத்தைவிடத் தண்ணீரும் நேரமும் கூடுதலாக வைக்க வேண்டும். தயிர்ச்சோறு பிசைய வேண்டுமானால் கடையில் 'நத்துரால், சின் அசூக்கர்' என்று எழுதியிருக்கும் தயிரைப் பார்த்து எடுங்கள். மற்றவை பெரும்பாலும் இனிப்பு.

பையில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொரு குழந்தைக்கும் அரை லிட்டர் புட்டி, அவற்றை நிரப்ப ஒன்றரை லிட்டர் பாட்டில் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் குடிக்கவோ, பல் துலக்கி வாய் கொப்பளிக்கவோ விடாதீர்கள். மலை உயரத்தில் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் தோலை எரித்துவிடும். அதனால் விளிம்புள்ள தொப்பியும் எஸ்.பி.எஃப். 30-க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீனும் அவசியம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி பூசவும். மெல்லிய மழைக்கோட்டு, ஒரு மாற்று உடை, வெட் வைப்ஸ், ஒரு பொட்டலம் டிஷ்யூ, கை கழுவ ஜெல் எடுத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைகளில் கழுவத் தண்ணீர்க்குழாய் இருக்காது. பழக்கமுள்ளவர்கள் சிறிய காலி பாட்டில் ஒன்று வைத்துக்கொண்டால் குழந்தை அடம்பிடிக்காது. பயன்படுத்திய காகிதத்தைப் பக்கத்திலுள்ள கூடையில்தான் போட வேண்டும். குழிக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும்.

பணத்தைச் சில்லறையாக வைத்திருங்கள். 500 பெசோ நோட்டைத் தள்ளுவண்டிக்காரர் வாங்கமாட்டார். 5, 10 பெசோ நாணயங்கள் கட்டணக் கழிப்பறைக்கே வேண்டும். வாசலில் இருப்பவர் காசை வாங்கிக்கொண்டு கையில் கொஞ்சம் காகிதம் கிழித்துக் கொடுப்பார், உள்ளே காகிதம் இருக்காது. 50 பெசோ நோட்டுகள் இரண்டு மூன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வேறு ஒரு பயனும் இருக்கிறது, கீழே வருகிறது.

ஸ்ட்ரோலரா, தூக்குப்பையா என்றால், காட்டுக்குள்ளும் அருங்காட்சியகத்துக்குள்ளும் ஸ்ட்ரோலர் ஓடும். மெட்ரோ ரயில் படிக்கட்டுகளில் அதுவே பாரம். ஒரு கையால் மடிக்கக்கூடிய எடை குறைந்தது இருந்தால் கொண்டுபோங்கள். மூன்று வயது கடந்த, வீட்டில் ஸ்ட்ரோலரை விட்டுவிட்ட பிள்ளையானாலும் இந்த ஒரு நாளைக்கு அது தேவைப்படும்.

காலையில் கிளம்புவது

காட்சிசாலை 9 மணிக்குத் திறக்கும். அப்போதே வாசலில் இருங்கள். விலங்குகள் நடமாடும் நேரமும் அதுதான். 11 மணிக்குமேல் பல விலங்குகள் நிழலில் சுருண்டுவிடும்.

ரெஃபோர்மா பெருஞ்சாலையை ஒட்டித் தங்கியிருந்தால் மெட்ரோபுஸ் 7-ஆம் வழித்தடம்தான் சிறந்தது. சிவப்பு நிற மாடிப்பேருந்து. கட்டணம் ஆளுக்கு 6 பெசோ. மேல்மாடி முன்வரிசை கிடைத்தால் குழந்தைகளுக்குச் சுற்றுலா அங்கேயே தொடங்கிவிடும். நடத்துநரிடம் காசு கொடுக்க முடியாது; மொவிலிதாத் இந்தெக்ராதா என்ற பயண அட்டை வேண்டும். ஓர் அட்டையையே குடும்பம் முழுவதற்கும் அடுத்தடுத்துத் தட்டிக்கொள்ளலாம். பணம் ஏற்றும் இயந்திரம் மீதிச் சில்லறை தராது, ஆகவே முந்தின நாள் மாலையே சரியான தொகையைப் போட்டு வையுங்கள். காட்டை ஒட்டி வரிசையாக வரும் நிறுத்தங்களில் ஒன்றின் பெயர் காந்தி. அங்கே அவர் சிலை இருக்கிறது. குழந்தைகள் பேருந்தின் அறிவிப்பில் அந்தப் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மெட்ரோ ரயிலில் வந்தால் 7-ஆம் வழித்தடத்தின் அவுதித்தோரியோ நிலையத்தில் இறங்குங்கள். கட்டணம் 5 பெசோ. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படச்சின்னம் உண்டு. சபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி. எழுத்து வராத குழந்தையையும் சின்னம் பார்த்து நிலையங்களை எண்ணச் சொல்லலாம். நெரிசல் நேரத்தில் முன்பெட்டிகள் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஒதுக்கப்படும். அம்மாவும் பிள்ளைகளும் முன்னால், அப்பா பின்னால் என்று பிரிய நேரும். எந்த நிலையத்தில் இறங்குவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். காலை 7 முதல் 9 வரை சிறு குழந்தைகளோடு மெட்ரோவைத் தவிர்ப்பதே நல்லது.

செயலி வழியாக வரும் கார்களில் குழந்தை இருக்கை பெரும்பாலும் இருக்காது. பயணத்துக்கான மடிப்பு பூஸ்டர் ஒன்றை ஊரிலிருந்தே கொண்டுவந்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

காட்சிசாலை: இரண்டு மணி நேரம்

நுழைவு இலவசம். 1920-களில் உயிரியலாளர் அல்ஃபோன்சோ எர்ரேரா தொடங்கியது. வாசலுக்கு வெளியே பலூன், முகமூடி, பொம்மை விற்பவர்கள் வரிசையாக நிற்பார்கள். பலூனையும் பந்தையும் உள்ளே விடமாட்டார்கள்; வாங்கிக் கொடுத்துவிட்டு வாசலில் பறிகொடுத்தால் அழுகையோடுதான் உள்ளே போக வேண்டியிருக்கும். "திரும்பி வரும்போது" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பாலைவனம், புல்வெளி, வெப்பக்காடு என வாழிடம் வாழிடமாகக் கூடங்கள் பிரிந்திருக்கின்றன. சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் எந்த ஊரிலும் உண்டு. இங்கே தேடிப் பார்க்க வேண்டியவை மெக்சிகோவுக்கே உரியவை. முதலாவது அஹோலோத்தே என்னும் ஆக்சலாட்டல். வயது வந்தபின்னும் குஞ்சுப்பருவத்துச் செவுள்களோடு நீரிலேயே வாழும், இழந்த காலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும் உயிர். இயற்கையில் சோச்சிமில்கோ கால்வாய்களில் மட்டும் எஞ்சியிருக்கிறது. இதற்கெனத் தனிக்கூடம் இருக்கிறது. கூடத்துக்குள் நுழையும்முன் 50 பெசோ நோட்டை எடுத்துக் குழந்தையிடம் கொடுங்கள். 2021-இல் வெளியான அந்த நோட்டில் இந்த விலங்குதான் இருக்கிறது. நோட்டில் இருப்பதைத் தொட்டியில் கண்டுபிடி என்று சொன்னால் பத்து நிமிடம் கண்ணாடியைவிட்டு நகரமாட்டார்கள்.

அடுத்தது தெபோரிங்கோ, நகரைச் சுற்றியுள்ள எரிமலைச் சரிவுகளில் மட்டுமே வாழும் குட்டைக்காது முயல். கைக்கு அடங்கும் அளவுதான் இருக்கும். புல்லுக்குள் பதுங்குவதால் பொறுமை வேண்டும். மெக்சிகோ ஓநாயும் இங்கே இருக்கிறது. காட்டில் அழியும் நிலைக்குப் போய், காட்சிசாலைகளில் இனப்பெருக்கம் செய்து மீட்கப்பட்ட இனம் அது.

பாண்டா பற்றி ஒரு சொல். 1975-இல் சீனா அன்பளிப்பாக அனுப்பிய இணை இங்கே வந்தது. 1981-இல் இங்கே பிறந்த தோவி, சீனாவுக்கு வெளியே பிறந்து உயிர்பிழைத்த முதல் பாண்டா. அந்தப் பரம்பரையில் 1990-இல் பிறந்தது ஷின் ஷின். முப்பது வயதைத் தாண்டிவிட்டது, பாண்டாக்களில் அது பழுத்த முதுமை. ஆகவே பாண்டா பார்க்கப் போகிறோம் என்று வீட்டிலிருந்தே வாக்குக் கொடுத்து அழைத்துவராதீர்கள்.

முழுச் சுற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். 11 மணிக்கு எங்கே இருக்கிறீர்களோ அங்கிருந்தே வெளியே வாருங்கள்.

ஏரிக்கரை, சிற்றுண்டி

காட்சிசாலையை ஒட்டி ஏரி இருக்கிறது. துடுப்புப் படகும் மிதிபடகும் வாடகைக்குக் கிடைக்கும், பாதுகாப்பு உடுப்பும் தருவார்கள். குழந்தைக்கு அதன் அளவுக்கு ஏற்ற உடுப்பு இல்லையென்றால் ஏறாதீர்கள். மிதிபடகை மிதிக்கப்போவது பெரியவர்கள்தான், இந்த உயரத்தில் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். அரைமணிக்குமேல் எடுக்க வேண்டாம்.

பாதை நெடுகத் தள்ளுவண்டிகள். எலுமிச்சை பிழிந்த வெள்ளரி, மாம்பழம், ஹிக்கமா கிழங்கு எல்லாம் கோப்பையில் கிடைக்கும். வெட்டி வைத்ததைவிட உங்கள் முன்னால் வெட்டித் தரும் வண்டியைத் தேர்ந்தெடுங்கள். மிளகாய்த்தூள் தானாகவே தூவிவிடுவார்கள், அதனால் கோப்பையை நிரப்பும்முன்பே "சின் சிலே" என்று சொல்ல வேண்டும். "நோ பிக்கா", அதாவது காரமில்லை என்று விற்பவர் சொன்னாலும் நம்பிவிடாதீர்கள். மிட்டாயில்கூட மிளகாயும் உப்பும் சேர்க்கும் ஊர் இது. நம் சமையலில் காரம் பழகிய பிள்ளைக்கும் இந்த மிளகாயின் புளிப்பும் புகைமணமும் புதிது.

அப்பளம்போலப் பெரிதாகப் பொரித்த தட்டுகளைப் பார்த்ததும் எல்லாப் பிள்ளைகளும் கை நீட்டும். அவற்றில் இரண்டு வகை உண்டு. கோதுமை மாவில் செய்தது 'சிச்சரோன் தெ அரினா'. வெறும் சிச்சரோன் என்றால் பன்றித்தோல். தள்ளியிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, கேட்டு வாங்குங்கள்.

பழச்சந்தையோ பழவண்டியோ கண்ணில் பட்டால் கொய்யா, பப்பாளி, சீத்தாப்பழம், சப்போட்டா எல்லாம் இருக்கும். நம் தோட்டங்களில் காய்க்கும் இவை எல்லாமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். சப்போட்டாவை இங்கே சிக்கோசப்போத்தே என்பார்கள். புது உணவு எதையும் தொடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்குத் தெரிந்த ருசி இவற்றில் கிடைக்கும்.

அணில்கள் காலருகே வந்து நிற்கும். உணவு கொடுக்க விடாதீர்கள்; பயமற்றுப்போன அணில் விரலைக் கடித்துவிடும்.

மதியச் சாப்பாடு

மெக்சிகோ நகரத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் இரண்டு மணிக்குமேல்தான். நீங்கள் ஒரு மணிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் இடமும் கிடைக்கும், உணவும் விரைவில் வரும். ரெஃபோர்மாவைக் கடந்து வடக்கே நடந்தால் பொலாங்கோ பகுதி. உணவகங்கள் நிறைய, விலை கொஞ்சம் கூடுதல். அங்கேயே லிங்கன் பூங்காவில் ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கின்றன; பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் சாப்பிட வசதி.

குழந்தைகளுக்கு எளிதில் இறங்குபவை: வெறும் சோள ரொட்டியான தோர்த்தியா, அவகாடோ, சோறு, கருப்பு பீன்ஸ், சேமியா போட்ட தக்காளிச் சூப்பான சோப்பா தெ ஃபிதேயோ. உள்ளே ஏதாவது வைத்து மடித்த தோர்த்தியாவான கேசதியாவைக் கேட்கும்போது "கோன் கேசோ" என்று சேர்த்துச் சொல்லுங்கள். நாட்டின் மற்ற ஊர்களில் கேசதியா என்றாலே பாலாடைக்கட்டி இருக்கும். தலைநகரில் மட்டும் சொல்லிக் கேட்டால்தான் வைப்பார்கள்.

சைவக் குடும்பங்கள் விசாரிக்க வேண்டியவை மூன்று. பீன்ஸில் 'மந்தேக்கா', அதாவது பன்றிக்கொழுப்பு உண்டா. சோறும் சூப்பும் 'கால்தோ தெ போயோ' என்னும் கோழிச்சாற்றில் வெந்ததா. கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கோப்பையில் விற்கும் ஹெலத்தினா ஜெல்லி. அதில் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால், கோழி இருக்கலாமே என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. "நி கார்னே, நி போயோ, நி ஹமோன்", அதாவது இறைச்சியும் கோழியும் ஹாமும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்கும்வரை பில் வராது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுவதுபோல் ஆகும் என்று கொண்டுவரமாட்டார்கள். குழந்தை கடைசி வாய் சாப்பிடும்போதே "லா குவெந்தா, போர் ஃபவோர்" என்று சொல்லிவிடுங்கள். அன்பளிப்பு 10 முதல் 15 சதவீதம். பில்லில் 'ப்ரோப்பினா' என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

பறக்கும் மனிதர்களும் அருங்காட்சியகமும்

அருங்காட்சியகத்துக்கு வெளியே உயரமான கம்பம் ஒன்று நிற்கும். பாப்பான்த்லா ஊரின் வொலதோரெஸ், அதாவது 'பறப்பவர்கள்' குழுவினர் பகலில் பல முறை அதில் ஏறுவார்கள். ஐந்து பேர் மேலே போவார்கள். ஒருவர் உச்சியில் புல்லாங்குழலும் சிறு மேளமும் வாசிக்க, நால்வர் இடுப்பில் கயிறு கட்டித் தலைகீழாகச் சுழன்று இறங்குவார்கள். ஆளுக்கு 13 சுற்று, நால்வருக்கும் சேர்த்து 52. பழைய நாட்காட்டிச் சுழற்சியின் ஆண்டுக்கணக்கு அது. 2009-இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்த சடங்கு. நடுவில் ஒருவர் தொப்பியோடு வருவார். குழந்தை கையாலேயே 20, 50 பெசோ போடச் சொல்லுங்கள். அது அவர்களுடைய வருமானம்.

வாசலில் ஏறத்தாழ 7 மீட்டர் உயரப் பெருங்கல் நிற்கும், மழைக்கடவுள் த்லாலோக் என்று அழைக்கப்படுவது. 168 டன் எடை. 1964-இல் கோவாத்லிஞ்சான் என்ற ஊரிலிருந்து தனியாகச் செய்த பெருவண்டியில் கொண்டுவந்தபோது, பருவம் தப்பி நகரத்தில் கனமழை கொட்டியதாகச் சொல்வார்கள். உள்ளே போகும்முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு கூடத்திலும் மழைக்கடவுளைத் தேடுவது குழந்தைகளின் வேலையாகிவிடும். வட்டக் கண்ணும் கோரைப்பல்லும் அடையாளம்.

அதே 1964-இல், பெத்ரோ ராமீரெஸ் வாஸ்கெஸ் வடிவமைப்பில் திறந்தது இந்தக் கட்டடம். பெரிய பையை வாசலில் ஒப்படைக்க வேண்டும். தின்பண்டம் கூடாது, ஃப்ளாஷ் கூடாது. முற்றத்தில் ஒற்றைத் தூண் தாங்கும் மாபெரும் கூரை. தூணைச் சுற்றி மழைபோல் நீர் கொட்டிக்கொண்டே இருக்கும். குழந்தைகள் நனைந்துவிடுவார்கள், மாற்று உடை இதற்குத்தான். முதலில் இங்கே பதினைந்து நிமிடம் ஓடட்டும்.

இருபதுக்கும் மேற்பட்ட கூடங்களில் மூன்று போதும். நேரே எதிரில் தெரியும், அஸ்தெக்குகளின் மெஷிக்கா கூடத்தில் சூரியக்கல் இருக்கிறது. 3.6 மீட்டர் விட்டம், 24 டன். 1790-இல் நகரின் மையச் சதுக்கத்தில் தோண்டும்போது வெளிப்பட்டது. அதே கூடத்தில் கோவாத்லிக்குவே என்ற பெண்கடவுளின் சிலை: பாம்புத் தலைகளும், கைகளும் இதயங்களும் கோத்து மண்டையோடு தொங்கும் மாலையும் கொண்ட உருவம். பயப்படும் குழந்தையை அந்தப் பக்கம் அழைத்துப்போக வேண்டாம். அடுத்து தெயோதிவாகான் கூடம். இறகுப்பாம்புக் கோயிலின் முகப்பை உண்மை அளவில், பழைய நிறங்களோடு கட்டி வைத்திருக்கிறார்கள். பிறகு பிரமிடைப் பார்க்கும்போது வெறும் சாம்பல் கல்லாகத் தெரியாமலிருக்க இது உதவும். கடைசியாக மாயா கூடம். படியிறங்கிப் போனால் பலெங்கே அரசர் பக்காலின் கல்லறை அறையின் நகல் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள். வெளியே மழை கொட்டினால் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து பாருங்கள், அல்லது உள்ளேயே இருக்கும் உணவகத்தில் சூடான சாக்லேட் வாங்குங்கள்.

தொலைந்தால், தரை ஆடினால்

காலையில் கிளம்பும்முன் ஒவ்வொரு குழந்தையையும் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்து வையுங்கள். கைப்பட்டையில் நாட்டுக்குறியோடு உங்கள் கைபேசி எண். தொலைந்தால் அம்மாவைப்போல் குழந்தையோடு வந்திருக்கும் யாரிடமாவது போய் நிற்கச் சொல்லிக் கொடுங்கள்; மெக்சிகோ மக்கள் குழந்தைகளிடம் மிகுந்த அன்பு காட்டுபவர்கள்.

நகரம் முழுவதும் ஒலிபெருக்கிகளில் நிலநடுக்க எச்சரிக்கை இணைப்பு உண்டு. நீண்டு ஏறி இறங்கும் சைரனும் "அலெர்த்தா சீஸ்மிக்கா" என்ற குரலும் கேட்டால், அதிர்வு வர சில வினாடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை இருக்கலாம். வெளியில் இருந்தால் மரம், மின்கம்பம், சுவர் இவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். அருங்காட்சியகத்துக்குள் என்றால் காவலர் காட்டும் வழியில் நடங்கள், லிஃப்டைத் தொடாதீர்கள். செப்டம்பர் 19-ஆம் தேதியில் நாடு தழுவிய ஒத்திகை நடக்கும், 1985-இலும் 2017-இலும் பெரும் நிலநடுக்கம் வந்த நாள் அது. அன்று ஊரில் இருந்தால் சைரன் ஒலிக்கும் என்பதைக் குழந்தைகளிடம் முந்தின இரவே சொல்லிவிடுங்கள்.

நான்கு மணி வாக்கில் திரும்பக் கிளம்புங்கள். ஆறு மணி நெரிசலில் மாட்டினால் இருபது நிமிடப் பயணம் ஒரு மணி நேரமாகும். இரவுச் சாப்பாட்டை இலேசாக வையுங்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் இரவில் பாலோடு இனிப்பு ரொட்டிதான் சாப்பிடுவார்கள். பேக்கரியில் தட்டும் இடுக்கியும் எடுத்து, சிப்பி வடிவக் கோஞ்சா ரொட்டியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம்.

இன்னொரு நாள் கிடைத்தால்

அப்போது கோட்டை. காலை 9 மணிக்கே ஏறிவிடுங்கள். குன்றின் சாலை வளைந்து ஏறும், சிறு குழந்தையோடு 20 நிமிடம் ஆகும். தின்பண்டமும் தண்ணீர்ப் புட்டியும் உள்ளே கொண்டுபோக முடியாது, ஆகவே அடிவாரத்திலேயே நன்றாகக் குடிக்க வையுங்கள்.

கோட்டைக்குப் பதில் பாப்பலோத்தே குழந்தைகள் அருங்காட்சியகத்தையும் தேர்ந்தெடுக்கலாம். 1993-இல் திறந்தது, தொட்டு, ஏறி, இழுத்து விளையாடுவதற்கென்றே அமைத்த இடம். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். காட்டின் இரண்டாம் பகுதியில் இருப்பதால் காட்சிசாலையிலிருந்து குழந்தைகளோடு நடந்து போக முடியாது. மெட்ரோ 7-ஆம் வழித்தடத்தில் கொன்ஸ்தித்துயெந்தெஸ் நிலையத்தில் இறங்க வேண்டும். அதே நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து 2024-இல் தொடங்கிய கேபிள்புஸ் 3-ஆம் வழித்தடம் புறப்படுகிறது. 7 பெசோவுக்கு மரங்களின் உச்சிக்கு மேலே ஏறத்தாழ ஐந்தரைக் கி.மீ. தொங்குபெட்டிப் பயணம், அதே பயண அட்டை செல்லும். காலையிலேயே போய்வந்துவிடுங்கள். இடிமழை வந்தால் நிறுத்திவிடுவார்கள்.